ஊறவைத்த பந்து

எங்கள் பாகூர் சேரிக் கால்பந்து அணியின் கேப்டன் நெட்டையான மனிதர், கரும்பு வெட்டுபவர். ஆட்டத்தில் பந்து வெளியே போனால், ஊர்த்தெரு அணிக்காரர்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவித்தான் எடுப்பார்கள், நாங்கள் தொட்டதாயிற்றே. நனைந்த தோல் பந்து கல்லாய்க் கனக்கும். அதனால் அவர் தினமும் பந்தை ஏரியில் ஊறவைத்தே எங்களைப் பழக்கினார். அந்தப் பருவம் முழுக்க நாங்கள் தோற்கவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு எதிரணி வரவேயில்லை. சேரியிடம் தோற்க அவர்களுக்கு மனமில்லையாம். நடுவர் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். கேப்டன் பந்தோடு நடுக்கோட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

“கப்பு நம்முளுதாச்சே, வாண்ணா, வூட்டுக்குப் போலாம்,” என்றேன்.

“இன்னாத்தடா செயிச்சோம்? வெயில்ல பந்து காஞ்சதுதான் மிச்சம்.”

எதிரே ஆளில்லாத கோல். ஒரு உதை விட்டிருக்கலாம். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டார். அந்தக் கோப்பையை அவர் கடைசிவரை தொடவேயில்லை.