சந்தைக் கழிவில் அடுப்பெரித்த கனகவல்லி அக்கா

நீலகிரி மலையில் நடுவட்டத்தில் பேருந்து தேநீருக்காக நின்றிருந்தபோதுதான் போன் வந்தது. முன்பு நான் வேலை பார்த்த ஊரில் குப்பை வண்டி ஓட்டும் பழனி. "சார், கனகவல்லி அக்கா காலைல தவறிட்டாங்க."

நான் அங்கே சுகாதார ஆய்வாளராக இருந்தேன். அக்கா சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்த வார்டு உறுப்பினர். சந்தைக் கழிவெல்லாம் அப்போது தேயிலைச் சரிவில்தான் விழும். கோசு இலைக்கு வந்த காட்டெருமை ஒன்று அங்கே செத்துக் கிடந்தது. அதன் வயிற்றிலிருந்து வன ஊழியர்கள் பிளாஸ்டிக் பைகளை உருவி எடுத்ததை அக்கா நின்று பார்த்தார். "அது தின்னுச்சு. போட்டது நாமதானுங்க சார்" என்றார். அடுத்த மன்றக் கூட்டத்திலேயே, கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன் வேண்டும் என்று எழுந்து நின்றார்.

கலன் வந்தது. பள்ளிக் காலை உணவுக் கூடத்து அடுப்பும் எரிந்தது. மார்கழியில் உறைபனி விழுந்ததும் அணைந்துபோயிற்று. கழிவைச் செரித்து வாயுவாக்கும் நுண்ணுயிர்கள் குளிரில் முடங்கிவிட்டன. "பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றார் ஓர் உறுப்பினர். எல்லோரும் சிரித்தார்கள், அக்கா சிரிக்கவில்லை.

"ஏனுங்க, பனிக்குப் பால் கொறைஞ்சா மாட்டைக் கறிக்கடைக்கா ஓட்டுவீங்க?"

மறுநாள் தேயிலைத் தொழிற்சாலை மேலாளரிடம் போய், அங்கே வீணாகும் வெந்நீரைக் கேட்டார். பழனி வண்டியில் கொண்டுவந்த அந்த நீரில்தான் கழிவைக் கரைத்து ஊற்றினோம். பூ வளர்ப்பவர்கள் போடுவதுபோல் கலனுக்குப் பாலித்தீன் கூரையும் போட்டார். பொங்கல் கழிந்து ஒரு காலையில் சமையற்கார அம்மா கூவினார்: "அக்கா, புடிச்சிருச்சுங்க!" நீலத் தீ. அன்று உப்புமாவை நானும் வாங்கிச் சாப்பிட்டேன்.

சண்டைக்காரர் என்பீர்கள். ஆமாம். பிளாஸ்டிக்கைப் பிரிக்காமல் கொண்டுவந்த ஒரு கழிவுக் கூடையைச் சந்தை நடுவே கவிழ்த்து, கொண்டுவந்தவரையே பொறுக்க வைத்தார். அவர் அக்காவின் சொந்த அண்ணன். "ரெண்டாப் பிரிச்சா கேஸு, பிரிக்காட்டி நாத்தம். அண்ணனுக்கும் அதேதான்."

உயரதிகாரிகள் பார்க்க வந்த நாளில், அடுப்பைப் பற்றவைக்க அக்காவை அழைத்தார்கள். அவர் தூய்மைப் பணியாளர் மாரியம்மாளைக் கைப்பிடித்து முன்னே நிறுத்தினார். "தெனமும் கையை உட்டுப் பிரிக்கறது இவங்கதானுங்க. இவங்களே பத்த வெக்கட்டும்." எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

இப்போது நான் இருக்கும் ஊரிலும் ஒரு கலன் எழும்புகிறது. "இந்த மலையில இதெல்லாம் நடக்குமா?" என்று போன வாரம் ஒருவர் கேட்டார். "நடக்குமுங்க. ஆகறவரைக்கும் உடமாட்டோம்" என்றேன். நான் தஞ்சாவூர்க்காரன். அந்தக் கொங்குப் பேச்சும் அந்தப் பிடிவாதமும் அக்காவுடையவை. இனி என்னோடு இருக்கும்.