புதுசா அடிச்ச பழைய காசு

நாணயக் கடை வைத்திருப்பவளைப் பார்த்து யாரும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை; வீட்டில் ஒரு பழைய காசு இருக்கிறது, லட்சக்கணக்கில் போகுமாமே என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் காசு சேர்க்கிறவர்கள், மீதிப் பேர் காசு சேர்க்கிறவரைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அதனால் என் கஷ்டம் உங்களுக்கு நான் சொல்லாமலே புரியும்.

செங்கல்பட்டில் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் என் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரத்தில் ஒரு மேஜை போடுவேன். இரண்டு இடத்திலும் இப்போது பேச்செல்லாம் மறுவெளியீட்டைப் பற்றித்தான். வடக்கே ஒரு தனியார் கம்பெனி, பழைய நாணயங்களின் உருவத்தை அப்படியே வைத்துப் புதிதாக வெள்ளியில் அடித்து விற்கிறது. வெள்ளைக்காரன் காலத்து ராணித் தலை ரூபாய், பல்லவர் காலத்துக் காளைக் காசு என்று ஒவ்வொன்றும் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் சிமிழுக்குள் வருகிறது. ஓரத்தில் பொடி எழுத்தில் இந்தக் காலத்து வருஷம் இருக்கும். அந்தப் பொடி எழுத்து கிளப்பிய சண்டைகள்தான் இவை.

இரண்டு கட்சி

மாதம் ஒருமுறை எங்கள் ஊர்ச் சேகரிப்பாளர்கள் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுவோம். அங்கே பரமேஸ்வரன் சார்தான் பெரிய தலை. கல்பாக்கத்தில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர். ராணித் தலை ரூபாயில் அவரிடம் இல்லாத வருஷம் கிடையாது. எல்லாம் அசல், எல்லாம் பல கை பட்டுத் தேய்ந்தவை.

எதிர்க்கட்சி டேவிட். மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. முதல் தலைமுறைச் சம்பளக்காரன், முதல் தலைமுறைச் சேகரிப்பாளன். மறுவெளியீடு எது வந்தாலும் முதலில் வாங்குவது அவன்தான். ஒரு கூட்டத்தில் தன் புதுக் காளையை ஆசையாக எல்லாருக்கும் காட்டினான். பரமேஸ்வரன் சார் அதை வாங்கிப் பார்த்தார். அசல் காளைக் காசு விரல் நகம் அளவுதான் இருக்கும், அதுவும் செம்பு, இதுவோ வெள்ளியில் வடை சைஸுக்கு இருக்கிறது என்றார். இது நாணயமே இல்லை, நாணய வேஷம் போட்ட பதக்கம் என்றும் சொல்லிவிட்டார். கூடம் சிரித்தது. டேவிட் காளையைத் திருப்பி வாங்கிக்கொண்டான். சிமிழை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"சார், அசல் வாங்கணும்னா நான் வூட்ட விக்கணும். இத்த வாங்கினா வூடும் கீது, காளையும் கீது."

மாமனாருக்கு ஒரு ராணி

படூர் அடுக்குமாடியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்காரர் வந்தார். அவருடைய மாமனார் காசு சேர்ப்பவராம். பிறந்தநாளுக்குக் கொடுக்க நல்லதாக ஒன்று வேண்டும் என்றார். அசலையும் மறுவெளியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தை விளக்கினேன். அசல் அழுக்காக இருக்கிறது என்று புதியதை எடுத்துக்கொண்டார். எத்தனை முறை பார்த்திருப்பீர்கள் இந்தக் காட்சியை?

அடுத்த சனிக்கிழமை அதே பெட்டியோடு திரும்பி வந்தார். மாமனார் சிமிழைத் திறக்காமலே கீழே வைத்துவிட்டு, மாப்பிள்ளைக்கு வேலைப் பளு அதிகம் போலிருக்கிறது என்று மட்டும் சொன்னாராம். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை என்று மனிதர் வருத்தப்பட்டார். பாவமாக இருந்தது. மாற்றித் தருகிறேன் என்று அசலை எடுத்து வைத்தேன். அதைத் தள்ளிவிட்டுப் புதியதையே என் பக்கம் நகர்த்தினார்.

"இதையே கொஞ்சம் பழசாக்கிக் குடுத்துடுங்க மேடம், அவர் மறுபடி வர்றதுக்குள்ள."

மண்ணில் கிடைத்த காளை

மாமல்லபுரம் மேஜைக்கு ஏழுமலை வந்தது ஒரு புயலுக்குப் பிறகு. மீன்பிடிக்கிறவர். கடல் கரையை அரித்துக்கொண்டு போயிருந்தது. மேஜையைச் சுற்றி ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் கறுத்துப்போன ஒரு வட்டத்தை என் முன் வைத்தார். காளை உருவம் தெரிந்தது. படகு கட்டுகிற இடத்தில் மண்ணில் கிடந்ததாம்.

பெரிதாக இருக்கிறதே என்று புத்தி சொன்னது, ஆனால் ஆசை கேட்கவில்லை. நமக்கெல்லாம் அப்படி ஒரு நாள் வரும் என்றுதானே வெயிலில் உட்கார்ந்திருக்கிறோம்? லென்ஸை எடுத்து ஓரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கறுப்புக்கு அடியில் அந்தப் பொடி எழுத்து வருஷம். யாரோ சுற்றுலாப் பயணி தவறவிட்ட மறுவெளியீடு.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. குப்பம் முழுக்கப் புதையல் என்று பேச்சாகிவிட்டது, கலெக்டர் ஆபீசிலிருந்து ஆள் வரும், கேள்வி கேட்பார்கள் என்று தன் மனைவி பயந்து சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறார் என்று ஏழுமலை அதற்குள் சொல்லி முடித்திருந்தார். நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். இது ராஜா காலத்துக் காசு இல்லை, கம்பெனிக்காரன் இப்போது அடித்தது, ஆனால் வெள்ளி நிஜம் என்றேன். அவர் காசை எடுத்து வேட்டியில் துடைத்துச் சிரித்தார்.

"புச்சுதானா? நல்லதாப் போச்சுக்கா, இனிமே எவனும் வந்து கேக்க மாட்டான், எங்க வூட்டுப் பொம்பள நிம்மதியா தூங்கும்."

சிற்பியிடம் போன வழக்கு

ஒரு ஞாயிறு பரமேஸ்வரன் சாரும் டேவிட்டும் சொல்லி வைத்தாற்போல மாமல்லபுரத்துக்கு வந்துவிட்டார்கள். மேஜை முன்னாலேயே வாக்குவாதம். பக்கத்துச் சிற்பப் பட்டறை கணபதி டீ குடிக்க வந்தவர், உடம்பெல்லாம் கல் தூசியோடு நின்று கேட்டார். டேவிட் அவரைப் பஞ்சாயத்துக்கு இழுத்தான். கணபதி யோசித்து, தான் போன மாதம் செதுக்கிய பிள்ளையார்கூடப் பழைய கோயில் பிள்ளையாரைப் பார்த்துச் செய்ததுதான் என்றார். புதுசு என்பதற்காக யாரும் அதற்குத் தேங்காய் உடைக்காமல் இருக்கவில்லையாம். டேவிட்டுக்கு வாயெல்லாம் பல். பரமேஸ்வரன் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, பிள்ளையாரைக் குடுத்து யாரும் அரிசி வாங்கினதில்ல. காசுன்னா அது கடைக்குப் போய் வந்திருக்கணும்."

மழை நாளில் வந்தவர்

அதற்கப்புறம் சில மாதம் பரமேஸ்வரன் சார் கூட்டத்துக்கு வரவில்லை. ஒரு மழை நாள் மத்தியானம் செங்கல்பட்டுக் கடை வாசலில் ஆட்டோ நின்றது. அவர் மனைவி கையைப் பிடித்து அவரை இறக்கி உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, மருந்து வாங்கப் போனார். சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டதாம். பார்வையின் நடுவில் ஒரு கறுப்பு, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது என்று வானிலை சொல்வதுபோலச் சொன்னார். ஆல்பத்தைத் திறந்தால் எல்லாமே ஒரே சாம்பல் வட்டமாம். தடவிப் பார்த்தாலும் தேய்ந்துபோன காசில் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

பிறகு, ராணித் தலை மறுவெளியீடு ஒன்று எடுக்கச் சொன்னார். சிமிழைத் திறந்து கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். கிரீடம் வந்தது, காது வந்தது, சட்டையில் பூவேலை வந்தது. எழுத்தை ஒவ்வொன்றாகத் தொட்டு வாய்க்குள் படித்தார். நான் கல்லாப் பக்கம் திரும்பி எதையோ தேடுவதுபோல நின்றேன். சிமிழ் வேண்டாம் என்று காசை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மனைவி திரும்பி வரும் சத்தம் கேட்டதும் என் பக்கம் குனிந்தார்.

"டேவிட்டுக்குத் தெரிய வேண்டாம்மா, ஜெயிச்சுட்டதா நினைச்சுக்குவான்."

கூடத்தில் விழுந்தது

அடுத்த கூட்டத்துக்கு சார் வந்தார். பார்வை போன விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, யாரும் பேச்செடுக்கவில்லை. ஆனால் அவர் விடுவாரா? பழைய காசின் பெருமையைப் பேச எழுந்துவிட்டார். பதக்கத்தை நாணயம் என்று விற்பதைப் பற்றிப் பழைய காரத்தோடு ஒரு பிடி பிடித்தார். வியர்வை துடைக்கச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தபோது கூடவே காசும் வந்து தரையில் விழுந்தது. உருண்டு போய் டேவிட்டின் நாற்காலிக் காலில் முட்டி நின்றது.

கூடமே பார்த்தது. சார் குனிந்து, தப்பான பக்கம் தரையைத் தடவினார். டேவிட் காசை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். ஓரத்து வருஷம் அவனுக்கு லென்ஸ் இல்லாமலே தெரியும். தடவித் தடவி ராணியின் கன்னத்தில் பளபளப்பு போயிருந்ததையும் பார்த்திருப்பான். எவ்வளவு நாளாக அவன் காத்திருந்த சந்தர்ப்பம்! அவன் எழுந்து போய், சாரின் கையை விரித்து, காசை வைத்து, விரல்களை மூடினான். பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"சார், உங்க பழைய காசு கீழ வுழுந்துடுச்சு, பத்திரமா வெச்சிக்கோங்க."

அந்தக் காசைப் பழசு என்று தரம் பிரிப்பதா, புதுசு என்று தரம் பிரிப்பதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நல்லவேளை, அவர் அதை விற்க என் கடைக்கு வரமாட்டார்.