மெஸ்கார அம்மாவின் ஓட்டு

எனக்கு ஒரு சிவப்புப் பென்சில் கொடுத்திருந்தார்கள். வாக்காளர் வந்து பெயரைச் சொன்னதும் பட்டியலில் அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு இழுக்க வேண்டும். இருபதுகளின் நடுவில், ரங்கூனில், எங்கள் வட்டாரத்து நகரசபை உறுப்பினர் பதவிக்காலம் முடியுமுன் இறந்துபோனதால் வந்த இடைத்தேர்தல் அது. எனக்கு இருபத்துநான்கு வயது. குமாஸ்தா வேலையில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அன்று காலை நான் இழுத்த ஒரு கோட்டைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மெஸ்கார அம்மா என்றுதான் எல்லோரும் அவரை அழைத்தோம். கணவர் இன்சீன் ரயில் பட்டறையில் பிட்டராக இருந்து, காய்ச்சலில் போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற வீட்டின் கீழ்த்தளத்தில் அம்மா சாப்பாட்டுக்கடை நடத்தினார். பட்டறை ஆட்களும் என்னைப் போன்ற குமாஸ்தாக்களும் இரண்டு வேளையும் அங்கேதான் சாப்பிட்டோம். எனக்கு மோரில் உப்புக் கூடாது என்பதை நான் சொல்லாமலே தெரிந்துகொண்டவர். வீட்டு வரி அவர் பெயரில் இருந்ததால் அவருக்கு ஓட்டு உண்டு. முந்தைய பட்டியலில் ‘இன்னாரின் விதவை’ என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். அவர் இரண்டு தடவை எங்கள் நகரசபை அலுவலகத்துக்கு நடந்து, கணவர் பெயருக்கு முன்னால் தன் பெயரையும் போட வைத்தார். “வரி கட்டுறது நானு. எம்பேர எழுத எடமில்லன்னா எப்படி?” என்று அவர் கேட்டபோது குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போட்டி இரண்டு பேருக்குள். ஒருவர் இலவச மருந்து கொடுத்துக்கொண்டிருந்த டாக்டர். மற்றவர் துறைமுகத்துக்குக் கூலியாட்களைப் பிடித்துத் தரும் ஒப்பந்தக்காரர். அவருடைய கூலிக் கொட்டடி அம்மாவின் வீட்டுக்குப் பின்னால்தான் இருந்தது. இருபது பேர் தங்க வேண்டிய அறையில் அறுபது பேரை அடைத்திருந்தார். கொட்டடிச் சாக்கடை மழைக்காலம் முழுக்கப் பின்சந்தில் தேங்கி அம்மாவின் சமையலறைப் படிவரைக்கும் வரும். கொட்டடியில் காலரா கண்டபோது சந்துக்குள் இறங்கி வந்தவர் அந்த டாக்டர் ஒருவர்தான். “எனக்கு வேற கணக்குத் தெரியாது தம்பி, அவருக்குத்தான் என் ஓட்டு” என்று பரிமாறிக்கொண்டே சொல்வார்.

வாக்குப்பதிவு ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. எனக்குப் பக்கத்தில் எங்கள் பெரிய குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர், ஒப்பந்தக்காரருக்கு வேண்டியவர். பத்து மணி வாக்கில் ஒப்பந்தக்காரரின் ஏஜெண்டு ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். முக்காடு போட்டிருந்தாள். பெயர் கேட்டேன். அவள் ஏஜெண்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெஸ்கார அம்மாவின் பெயரைச் சொன்னாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் நெற்றியில் குங்குமப்பொட்டு. என் விரலுக்கடியில், பட்டியலில், கணவர் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்ற வார்த்தை. பெரிய குமாஸ்தா என் முகத்தைப் பார்க்காமல், “என்ன தேடுற? பேரு இருக்குல்ல, கோடு போடு” என்றார். போட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து அம்மா வந்தார். தோய்த்து உலர்த்திய வெள்ளைப் புடவை. அன்றைக்கென்று அடுப்பை வேறொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், “நீங்கதான் இங்கயா? நல்லதாப் போச்சு” என்றார். நான் பட்டியலைப் புரட்டுவதுபோல் புரட்டினேன்.

“உங்க ஓட்டு விழுந்துருச்சுங்க” என்றேன்.

“நான் இப்பத்தானே வர்றேன்.”

“பட்டியல்ல அப்படித்தான் இருக்கு.”

அவர் கோபப்படவில்லை. மேசைமேல் குனிந்து தன் பெயர்மேல் கிடந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “தெனம் சோறு போடுறேன். என் மூஞ்சி உங்களுக்குத் தெரியாதா தம்பி?” என்று கேட்டார். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அடுத்தவரின் பெயரைக் கேட்டேன்.

சாவடிக்குப் பொறுப்பாக இருந்த பர்மிய அதிகாரி நல்ல மனிதர். தனிச்சீட்டு ஒன்று தரலாம், அதை உறையில் போட்டு வைப்போம் என்று விளக்கினார். “அத எண்ணுவீங்களா, சயா?” என்று அம்மா பர்மிய மொழியில் கேட்டார். எண்ண மாட்டோம், வைத்திருப்போம் என்றார் அவர். அம்மா சீட்டை வாங்கவில்லை. வாசலில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். உள்ளே போகும் ஒவ்வொருவரிடமும், “என் ஓட்ட யாரோ போட்டுட்டாங்க. உங்களது இருக்கான்னு பாத்துக்கங்க” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. ஏஜெண்டு வந்து போகச் சொன்னபோதும், மழை சாரலடித்தபோதும் நகரவில்லை. மாலைக்குள் இன்னும் சிலர் தங்கள் பெயரிலும் கோடு விழுந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்றார்கள். அந்தக் கோடுகளும் என்னுடையவைதான்.

ஒப்பந்தக்காரர் வென்றார். அம்மா எழுத்துமூலம் புகார் கொடுத்தார்; விசாரணை நடந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். அம்மா விசாரணை அதிகாரியிடம், “வந்தவ நெத்தியில பொட்டு இருந்துச்சா, அத மட்டும் அவருகிட்டக் கேளுங்க” என்றார். அதிகாரி கேட்டார். கூட்டம் அதிகம், கவனிக்கவில்லை என்றேன். முன்னால் நாற்காலியில் பெரிய குமாஸ்தா இருந்தார். அவர் இல்லாமலிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. பயம் அவ்வளவு பழகிப்போயிருந்தது.

குறிப்பிட்ட சில ஓட்டுகளால் முடிவு மாறப்போவதில்லை என்று புகாரைத் தள்ளிவிட்டார்கள். இந்தத் தீர்ப்பை நினைக்கும்போது இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது. ஒருத்தியின் பெயரைத் திருடிவிட்டு, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அம்மா அங்கேயே கேட்டார்: “முடிவு மாறுமான்னு நான் கேக்கலிங்க. என் ஓட்டு எங்கேன்னுதான் கேட்டேன்.” கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிரக்கூட இல்லை. அன்று நான் மெஸ்ஸுக்குப் போனபோது இலையைப் போட்டு, வழக்கம்போல் பரிமாறினார். எழுந்து கைகழுவும்போது, “நாளையிலேருந்து வேற எடம் பாத்துக்கங்க தம்பி” என்றார். அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது.

அதற்கும் அடுத்த வருடம் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வீடுவீடாக என்னை அனுப்பினார்கள். அம்மா வாசலில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் கேட்டதும், முன்பின் தெரியாத ஆளிடம் சொல்வதுபோல் தன் பெயர், கணவர் பெயர், கதவு எண் எல்லாம் சொன்னார். “எழுதினதப் படிங்க” என்றார். படித்தேன். “இன்னொரு தடவ.” மறுபடியும் படித்தேன்.

“பின்னால கொட்டடிக்கும் போவீங்களா?”

“அங்க யாருக்கும் ஓட்டு இல்லைங்க. வரி கட்டுறவங்களுக்குத்தான்.”

அவர் அரிவாள்மனையை ஓரமாகத் தள்ளினார். “அன்னிக்கு என் பேரச் சொன்ன பொண்ணு அங்கதான் இருக்கா. போன மாசம் தானா வந்து, புருசன வேலைய விட்டுத் தூக்கிடுவோம்னு மெரட்டினாங்கன்னு சொல்லி அழுதுட்டுப் போனா. அவ பேரையும் எழுதுங்க. அவ பேருலயே எழுதுங்க.”

“சட்டத்துல எடமில்லைங்க.”

“அன்னிக்கு மட்டும் எடம் இருந்துச்சா?”

நான் பட்டியலை மடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.