கவ்வாத்துக் கத்தியின் பிடிக்குள்

என் வீட்டுக்காரர் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற வேலை. அவருடைய கத்தி அவர் அப்பாவிடமிருந்து வந்தது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்து இரும்பு. அதன்மேல் வைத்த பாசத்தில் பாதியை என்மேல் வைத்திருந்தால் நான் ராணி மாதிரி இருந்திருப்பேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முக்கால்வாசி ஆம்பிளைகளிடம் அப்படிப்பட்ட கத்திதான் இருந்தது.

பழைய கத்திக்கு ஒரு வியாதி உண்டு. அலகு பளபளவென்றிருக்கும். மரப்பிடிக்குள் அரக்கு ஊற்றிச் செருகிய பகுதியில் மட்டும் மழைத்தண்ணீர் இறங்கி, வெளியே தெரியாமல் துரு பிடிக்கும். முற்றினால் பிடி ஆடும். பூண் வழியாகச் செந்நிறமாய்த் தண்ணீர் கசியும். சூடு காட்டிக் கழற்றிச் சுரண்டினால் சரியாகிவிடும். அதை நான் அடுப்படியிலேயே செய்து தந்திருப்பேன். அவருக்கோ டவுன் பட்டறைக்காரர் கைபட்டால்தான் மனசு ஆறும்.

அது எண்பதுகளின் கடைசி. கிளர்ச்சிக்காரர் என்று பிடித்துப்போனவர்கள் மாத்தளைப் பக்கம் ரோட்டோரங்களில் பிணமாய்க் கிடந்த காலம். "இந்த நேரத்துல கத்தியத் தூக்கிக்கிட்டு டவுனுக்குப் போகணுமா?" என்று கத்தினேன்.

"சாக்குல சுத்திக்கிட்டுத்தானே போறேன். நாளைக்கு கவ்வாத்து. பிடி ஆடுனா கை போயிரும்" என்று சொல்லிவிட்டு, கொட்டுகிற மழையில் பஸ் ஏறினார்.

மத்தியானம், அதே பஸ்ஸில் போன, பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவர் பதறிக்கொண்டு வந்தார். "தங்கச்சி, செக்போஸ்டுல எறக்கிட்டாங்க. சாக்கு நனைஞ்சு, பிடியில இருந்து செவப்பா ஒழுகியிருக்கு. ரத்தம்ங்கிறாங்க. துருன்னு எவ்வளவோ சொன்னாரு, கேக்கல. பொலிசுக்குக் கொண்டு போயிட்டாங்க."

உதவி கேட்டு ஓடினேன். ஊரடங்குச் சட்டம் போட்டுவிட்டார்கள், விடியட்டும் என்றார் தொழிற்சங்கத் தலைவர்.

பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்க அடுப்பு எரிந்தது. சோதனைக்கு வருவார்கள், எந்தப் பிடியில் சிவப்பு கசிந்தாலும் அந்த ஆள் போய்விடுவான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பெண்கள் அலகின் அடியைத் தணலில் காட்டி, அரக்கு இளகியதும் ஈரத்துணி சுற்றித் திருகி இழுத்தார்கள். செங்கல்பொடி, தேசிக்காய், தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்த்தார்கள். பிடியின் ஓட்டைக்குள் கம்பியை விட்டுக் கிளறி, விழுந்த செந்தூளைச் சாக்கடைக் கானில் கழுவி விட்டார்கள். பித்துப்பிடித்தவள் மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன். என் காய்கறிக் கத்தியைக்கூட ஒருத்தி வாங்கிப்போய்ச் சுத்தம் பண்ணிக் கொடுத்தாள்.

காலையில் தலைவரோடு பொலிசுக்குப் போனேன். மேசையிலிருந்த அதிகாரி கெட்டவராகத் தெரியவில்லை. தலைவர் சிங்களத்தில் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, அரைகுறைத் தமிழில் என்னிடமே சொன்னார்: "அந்தக் கத்தி இப்ப இங்க இல்ல. அதே மாதிரி இன்னொரு கத்தி கொண்டு வா. எனக்கு முன்னால பிடியைக் கழட்டு. உள்ள துரு இருந்தா புருஷனைக் கூட்டிட்டுப் போ."

வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "நம்ம லயத்துல இல்லாத துருவா, அண்ணே?" என்றேன். தலைவர் சிரிக்கவில்லை. அவருடைய கத்தியையும் அவர் பெண்சாதி கழற்றியிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இருந்தும் காம்பரா காம்பராவாக ஓடினேன். நீட்டிய கத்தியெல்லாம் உள்ளும் புறமும் மின்னியது. "உப்புத்தண்ணியில போட்டா இப்பவே புடிக்குமா அக்கா?" என்று ஒருத்தி அழுதாள். எல்லார்மேலும் ஆத்திரம் வந்தது. அவர்கள் புருஷனைக் காப்பாற்றத்தானே செய்தார்கள் என்று நினைக்க, ஆத்திரம் இன்னும் கூடியது. துரு வேணும் சாமி, ஒரு துளி துரு கொடு என்று வஹகோட்டைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன். இப்படியும் ஒருத்தி கும்பிட்டிருப்பாளா?

தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க் கணக்கில், வேலையை விட்டுவிட்ட ஒரு கிழவரின் கத்தி கூரையில் செருகிக் கிடந்தது. பிடியைத் தொட்டதுமே என் உள்ளங்கை சிவந்தது. அதை முத்தமிட்டேன். செக்போஸ்டில் எல்லாருக்கும் தெரிந்த தோட்டத்து லொறியில் ஏறி, தலைவரும் நானும் மறுபடி பொலிசுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மேசையில் வேறு ஒருவர் இருந்தார். என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னோம். "அப்படி ஒரு ஆளை இங்க கொண்டு வரவே இல்ல" என்றார்.

"காலையில இதே மேசையில இருந்த மாத்தயாதான் கத்தி கொண்டு வரச் சொன்னாரு" என்றார் தலைவர்.

"இல்லன்னு சொல்றேனே."

கத்தியை மேசையில் வைத்துப் பிடியை இழுத்தேன். அது கையோடு வந்தது. செந்தூள் மேசையெல்லாம் கொட்டியது. "பாருங்க மாத்தயா, துரு! ரத்தமில்ல, துரு!" என்று அலறினேன்.

அவர் ஒரு துணியை எடுத்து மேசையைத் துடைத்தார். பிறகு வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண்ணைக் கூப்பிட்டார்.