ஆர்க்கிமிடீசின் கிறைஸ்

அப்பாவின் சப்பாத்துகளில் ஒன்றை அரிசிச் சாக்குக்குள் புதைத்தவள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. ஜெர்மனிக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

எல்லாம் ஆர்க்கிமிடீசால் வந்த வினை. அதற்கு முந்தின நாள் வகுப்பில் ரீச்சர் அவருடைய கதையைச் சொன்னார். ரோமப் படை கிரேக்க நகரமான சிரக்கூசுக்குள் புகுந்துவிட்டது. கிழவரோ மண்ணில் ஏதோ கீறிக்கொண்டிருந்தார். சிப்பாய் ஒருவன் வாளோடு வந்து, எழும்பி வா என்றான். என் கிறைசைக் குழப்பாதே என்றார் இவர். ஒரே வெட்டு.

கிறைஸ் என்றால் ஜெர்மன் மொழியில் வட்டம். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த கிறைஸ் எங்கள் அகதி அட்டையில் எழுதியிருந்த மாவட்டம். அதன் எல்லையைத் தாண்டினால் பொலிஸ் பிடிக்கும். நாங்கள் இருந்த அகதி விடுதியில் பெரியவர்கள் நாள் முழுக்க இதைத்தான் கதைப்பார்கள். ஆகவே ஆர்க்கிமிடீசும் ஓர் அகதி, கிறைஸ் பிரச்சினையில்தான் வெட்டுப்பட்டிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். பாவம், அவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்கூட இருக்கவில்லை.

மறுநாள் அப்பா ஹம்பேர்க்குக்குப் புறப்பட்டார். சித்தப்பா ஊரிலிருந்து அங்கே வந்து சேர்ந்திருந்தார். வேறெங்காவது அனுப்பிவிடுவதற்குள் அவரைப் பார்த்தாக வேண்டும். அகதிகள் கந்தோரில் கிறைசைத் தாண்ட அனுமதி கேட்டதற்கு மறுத்துவிட்டார்கள். போயே தீருவதென்று அப்பா நின்றார். விடுவதில்லையென்று நான் நின்றேன்.

"சப்பாத்து எங்கை பிள்ளை?"

"தரமாட்டன். கிறைசை விட்டுப் போனா ஆர்க்கிமிடீசை வெட்டின மாதிரி உங்களையும் வெட்டுவினம்."

அப்பா ஊரில் கணக்கு வாத்தியார். முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என் முன்னால் குந்தி, பழைய கடித உறையொன்றில் வட்டம் கீறிக் காட்டினார்.

"இதுதான் அவர்ரை கிறைஸ். இதை விட்டுப் போனதுக்காக அவர் வெட்டுப்படேல்லை. விட்டுட்டு வரமாட்டன் எண்டு இருந்ததுக்குத்தான் வெட்டுப்பட்டவர்."

சொல்லி முடிக்கும்போது அப்பாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கோ நியாயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஓடிப்போய்ச் சப்பாத்தைத் தோண்டியெடுத்து, உள்ளே கிடந்த அரிசியைத் தட்டிக் கொடுத்தேன்.

"அப்ப கெதியாப் போங்கோ அப்பா. இருக்காதேங்கோ!" என்று அதட்டினேன்.

அப்பா போய்விட்டார். அம்மா அழத் தொடங்கினார். பொலிசுக்குப் பயந்துதான் அழுகிறார் என்று நினைத்து, அவருக்கும் ஆர்க்கிமிடீஸ் கதையை முழுதாக விளக்கினேன். அழுகை கூடியது. எனக்குச் சரியான கோபம்.

ஊருக்குள் ஆமி வந்த அன்று, வீட்டை விட்டு வரமாட்டேன் என்று கதிரையிலேயே இருந்த பெரியப்பாவைச் சுட்டுவிட்டார்கள் என்பதும், அதைக் கண்ணால் பார்த்தவர் சித்தப்பா என்பதும் எனக்கு அப்போது தெரியாது.