இருமலக்காவும் இருபத்தெட்டு சிரிப்பும்

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இருமலக்கா என்றால் லிஃப்ட் ஓட்டுபவருக்கும் தெரியும். மூச்சிரைப்பு உள்ள குழந்தைகளுக்கான புது சிரப்பைச் சோதிக்கும் குழுவில் அவள் நர்ஸ். பதினெட்டு வருஷ சர்வீஸில் ஆறு ஆராய்ச்சிகளைப் பார்த்துவிட்டாள். ஆறிலும் பெரிய டாக்டருக்குப் பாராட்டும் அவளுக்குத் திட்டும் கிடைத்தன. வேலைப் பங்கீடு அப்படி.

இந்த ஏழாவது ஆராய்ச்சி ஓர் அட்டையை நம்பித்தான் நின்றது. இருபத்தெட்டு நாளுக்கு இருபத்தெட்டு வரிசை. ஒவ்வொன்றிலும் ஒரு சிரிக்கும் முகம், ஒரு சும்மா முகம், ஓர் அழும் முகம். குழந்தை அன்று எப்படி மூச்சு விட்டதோ அதற்கேற்ற முகத்தைத் தாய் வட்டமிட வேண்டும். தப்பு நடக்கவே வழியில்லாத முறை என்று பெரிய டாக்டர் போகிற கூட்டத்திலெல்லாம் சொல்லிக்கொள்வார்.

முதல் மாதம் முப்பத்தொரு அட்டைகளில் ஒன்பது வெறுமையாக வந்தன. பெரிய டாக்டர் வராந்தாவிலேயே, தாய்மார்கள் அத்தனை பேரும் பார்க்க, இருமலக்காவை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அவள் தலையைக் குனிந்து தரைக் கற்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதத்திலிருந்து அட்டைகளில் எங்கு பார்த்தாலும் சிரிப்பு. பெரிய டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. மாநாட்டுக்குக் கட்டுரை தயாரானது. முதல் பெயர் அவருடையது, இரண்டாவது அவர் மைத்துனருடையது. மைத்துனர் பல் டாக்டர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு தையல்காரி தன் நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அட்டையில் இருபத்தெட்டு சிரிப்பு. குழந்தைக்கோ ஒவ்வொரு மூச்சுக்கும் விலா இடுக்குகள் குழிந்தன, மூக்கு விடைத்தது. இருமலக்கா அட்டையைக் கீழே போட்டாள். குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடி, ஆக்சிஜன் வைத்து, வார்டில் சேர்த்து, உதட்டில் நிறம் திரும்பிய பிறகுதான் இத்தனை சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

தையல்காரி விரல்களைப் பிசைந்தாள். “அன்னிக்கு உங்களை அத்தனை பேர் முன்னாடி திட்டினாரே அக்கா. பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு. அழுற மூஞ்சியப் போட்டா இன்னும் திட்டுவாருன்னு நாங்க எல்லாரும் பேசிவெச்சுக்கிட்டோம்.”

முப்பத்தொரு தாய்மார்கள், அவள் மேல் வைத்த பிரியத்தில், ஒரு மருந்தையே குணப்படுத்திவிட்டார்கள். பதினெட்டு வருஷத்தில் யாரும் அவளுக்காக இவ்வளவு செய்ததில்லை. அந்தப் பிரியத்தில் ஒரு குழந்தை போயிருக்கும்.

ஆராய்ச்சிக் குழந்தை வார்டில் சேர்ந்தால் ஒரு நாளுக்குள் நெறிமுறைக் குழுவுக்கு எழுத வேண்டும் என்பது விதி. பெரிய டாக்டரிடம் முதலில் சொன்னால் விதிக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பிவிட்டு, அப்புறம்தான் அவரிடம் போனாள். கட்டுரை நின்றது; மாநாட்டுப் பயணமும் நின்றது. வராந்தாவில் இரண்டாம் முறையாகக் கச்சேரி நடந்தது. அடுத்த வருஷம் உனக்கு வேலை இருக்குமா பார்க்கலாம் என்பது வரை போனார். தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

அடுத்த மாதம் அட்டைகள் வந்தன. முப்பத்தொன்றிலும் அழுகை.

தையல்காரியின் மகள் சிரப்பை விட்டு இன்ஹேலருக்கு மாறியிருந்தாள். கண்காணிப்புக்காக அட்டை மட்டும் தொடர்ந்தது. அவள் வராந்தாவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் கத்திக்கொண்டு ஓடினாள். அவளுடைய அட்டையிலும் இருபத்தெட்டு அழுகை.

“சிரிச்ச மூஞ்சி போட்டுத்தானே போன தடவை திட்டு வாங்கினீங்க” என்றாள் தையல்காரி, மெதுவாக.

இருமலக்கா ஒரு புது அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

“இதுல என் மூஞ்சி எங்கயும் இல்லம்மா. உன் பொண்ணு மூஞ்சியப் பார்த்துப் போடு.”

“அப்ப உங்களைத் திட்டுவாரே?”

“திட்டட்டும். எனக்கு மூச்சு நல்லாத்தான் இருக்கு.”