லாரியின் மூக்குத் தகடு

எங்கள் லாரிக்கு மூக்கு உண்டு. இப்போது ஓடுகிற லாரிகளைப் போல் மூஞ்சி சப்பையாக இருக்காது. எஞ்சின் முன்னால் நீண்டிருக்கும். அந்த மூக்கைச் சுற்றி அலுமினியத் தகடு ஓடும். அன்னாசியும் பலாவும் ஏற்றி மலையிறக்குவதற்காக, அடிவாரத்து பாய் ஒருவரிடம் என் வீட்டுக்காரர் அதை வாங்கி வந்தார். விற்பதற்கு முன் ரொம்ப நாள் மழையில் நின்றதில் தகடெல்லாம் மங்கிக் கிடந்தது. ஆனாலும் வாங்கின நாளாக அவருக்கு பாய் வீட்டம்மா பேச்சுதான்.

“அந்தம்மா தொடச்சு வெச்சா தகட்டுல மொகம் தெரியும் புள்ள. பாத்துத் தலை சீவலாம்.”

“லாரிய எஞ்சின் ஓட்டுதுங்களா, தகடு ஓட்டுதுங்களா?” என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

கண்ணால் பார்க்காத ஒருத்தி மேல் அப்படி எரிச்சல் வரும் என்று எனக்கே தெரியாது. என் வீட்டுப் பாத்திரம் மின்னுவது போல் எங்கள் மலையில், இந்த வளப்பூர் நாட்டில், யார் வீட்டிலும் மின்னாது. அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்காத மனுசன். அவளைவிட நான் பளிச்சென்று வைத்திருக்கிறேன் என்று அந்த வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவர் காட்டுக்குப் போன நேரம் பார்த்து, பித்தளைக் குடத்துக்குச் செய்வது போல அடுப்புச் சாம்பலில் சலவைச் சோடாவைக் கலந்து தகடு முழுக்க அப்பினேன். ஊறட்டும் என்று சோறு வடிக்கப் போனேன். வந்து பார்த்தால் சட்டி அடி மாதிரி கறுத்திருந்தது.

“சாம்பலு ஆகாதுன்னு அந்தம்மாவுக்குத் தெரியும்,” என்றார் வீட்டுக்காரர்.

அன்றைக்குக் குழம்பில் உப்புப் போடவில்லை. கேட்டதற்கு மறந்துவிட்டேன் என்றேன்.

அடுத்து மிளகு இறக்கப் போனபோது நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். அடிவாரத்தில் லாரிக்குத் தகடு தட்டுகிற பட்டறையில் கேட்டேன்.

“உப்புக் காகிதத்தைத் தண்ணியில நனைச்சு நீட்டு வாக்குல தேய்ங்கம்மா. சுத்திச் சுத்தித் தேச்சா கோடு விழும். அப்புறம் இந்த மெருகுப் பசை. துணி கறுக்கும், பயந்து விட்றாதீங்க,” என்றார் பட்டறைக்காரர்.

மழைக்கு லாரி நின்ற நாட்களில் தகடுகளைக் கழற்றினேன். பாறை இடித்த நெளிவுகளைச் சாக்கு மேல் கவிழ்த்துக் கட்டையால் மெல்லத் தட்டி எடுத்தேன். தேய்க்கத் தேய்க்கத் துணி கறுத்தது. பழைய துணி தீர்ந்தது. வீட்டுக்காரர் பனியனும் தீர்ந்தது, நல்ல பனியன். தேய்க்கும்போதெல்லாம் அவள் முகம் எப்படி இருக்கும் என்றுதான் நினைப்பு. தகட்டில் என் முகம் தெரிந்தது.

பூட்டின பிறகு லாரியைச் சுற்றி வந்து பார்த்தார். “ம்” என்றார். அவ்வளவுதான்.

மழை விட்டதும் வாசலூர்பட்டியில் பலா ஏற்றிக்கொண்டிருந்தோம். படகு விடுகிற ஏரிக்கு வந்திருந்த வேன் ஒன்றிலிருந்து ஓர் அம்மா இறங்கி நேராக எங்கள் லாரியிடம் வந்தார். வீட்டுக்காரர் கும்பிட்டதிலேயே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல சிவப்பு, நல்ல உயரம். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தம்மா தகட்டில் முகம் பார்த்தார். முக்காட்டைச் சரி செய்துகொண்டார். விரலால் தடவினார்.

“யாருண்ணே தேச்சது?”

“எங்க ஊட்லதானுங்க.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “இவ்வளவு தேய்க்காதீங்கக்கா. தகடு மெலிஞ்சு போயிடும். எதுத்தாப்ல வர்றவங்களுக்குக் கண்ணும் கூசும்.”

“கூசினா ஒதுங்கிப் போவாங்கம்மா,” என்றேன்.

முகத்தைச் சுளித்துக்கொண்டு விருட்டென்று திரும்பி வேனுக்குப் போய்விட்டார். எஞ்சினா தகடா என்று நான் கேட்டபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

 மறுநாள் விடிந்ததும் வீட்டுக்காரர், “ஏம்புள்ள, அந்தக் கறுப்புத் துணி எங்க? நானும் கொஞ்சம் தேச்சுப் பாக்கறேன்,” என்றார்.

நான் கொடுக்கவில்லை.